கலமும் செல்லும்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வெங்காயத் தோலைப் படம் வரைந்து, பாகங்களைத் தமிழில் குறித்துக்கொண்டு போக வேண்டுமாம். எட்டாம் வகுப்புப் பேத்தி பென்சிலோடு வந்து நின்றாள். “அம்மம்மா, செல்லுக்குத் தமிழில என்ன?”

செல் என்றதும் என் காதில் முதலில் விழுவது வேறொன்று. போர்க்கால யாழ்ப்பாணத்தில் செல் என்ற எறிகணை கூவிக்கொண்டு வந்து விழும். செல்லடி என்றால் பதுங்குகுழிக்கு ஓடுவோம். அந்த நினைப்பை விழுங்கிக்கொண்டு, “கலம்” என்றேன்.

தேத்தண்ணி குடிக்க வந்திருந்த பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிப் பிள்ளை சிரித்தாள். “அது பாத்திரம்லா ஆன்ட்டி? நாங்க செல்லுன்னுதான் படிச்சோம்.”

பாத்திரந்தான். 1665இல் இராபர்ட் ஹூக் தக்கையை மெல்லிய சீவலாகச் சீவி நுண்நோக்கியில் வைத்தபோது தெரிந்தவை தேனடை அறைகள் போன்ற வெறும் பொந்துகள். சிறு அறை என்னும் பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்த செல் என்ற பெயரை அவற்றுக்கு இட்டார். செத்த மரப்பட்டையில் சுவர் மட்டுமே மிஞ்சியிருந்தது. உள்ளே இருந்தது எப்போதோ காய்ந்துபோயிற்று. இராபர்ட் பிரௌன் 1831இல் கருவுக்குப் பெயர் வைத்து, 1838, 39இல் ஷ்லைடனும் ஷ்வானும் செடிக்கும் விலங்குக்கும் இதுவே அடிப்படை என்று சொன்ன பிறகுதான் சுவரைவிட உள்ளிருப்பது பெரிது என்றானது. ஆங்கிலத்தில் பழைய அறையே நிலைத்துவிட்டது. தமிழில் பெயர் தேடியவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கலம் என்றால் எதையோ ஏந்தியிருப்பது. உண்கலமும் மரக்கலமும் அப்படி. பன்னிரண்டு மரக்கால் நெல்லும் ஒரு கலம். புறநானூற்றில் குயவனை அழைப்பதே கலம் செய்பவன் என்றுதான்.

இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் 1950களிலும் 60களிலும் துறைதோறும் சொற்றொகுதிகளைக் கொண்டுவந்தது. அவை பாடநூல்களுக்குள் இறங்கின. நாங்கள் கலச்சுவர், கலமென்சவ்வு, கலப்பிரிவு என்று எழுதிச் சோதனை பாஸ் பண்ணினோம். இதில் எனக்கு மிகப் பிடித்த நுட்பம் ஒன்று உண்டு. அறம் அறன் ஆவதைப்போல, நலம் நலன் ஆவதைப்போல, கலம் கலன் ஆகும். இலக்கணத்தில் அது வெறும் கடைப்போலி, பொருள் மாறாது. எங்கள் பாடநூலிலோ மாறும். கலம் உயிரின் அலகு. கலன் குருதி ஓடும் குழாய், குருதிக்கலன். கடைசி எழுத்தைப் பிழையாகப் போட்டால் புள்ளி போய்விடும். எனக்கு ஒருமுறை போயிருக்கிறது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் கலத்தை அறியாதவை அல்ல. பேட்டரியில் இருப்பது அங்கேயும் மின்கலம். வானத்துக்குப் போவது விண்கலம். உயிருள்ளது மட்டும் செல். அதைத் தமிழாக்கும்போது உயிரணு என்பார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ஒரு கலத்துக்குள் கோடானுகோடி அணுக்கள் இருக்க, கலத்தையே அணு என்றால் எப்படி? சிவப்பணு, வெள்ளையணுவிலும் அதே சிக்கல். போதாததற்கு, சென்னைப் பத்திரிகைகளின் வைத்திய விளம்பரங்களில் ‘உயிரணு குறைபாடு’ என்பது ஆண்களின் தனிப்பட்ட கவலை. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தச் சொல்லை எழுதிக் கொடுக்க முடியுமா?

அறிவியலுக்குத் தமிழில் சொல் தேடும் இந்த வேலை எங்கள் யாழ்ப்பாணத்தில் பழையது. 1847இல் இலங்கைக்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மானிப்பாயில் அறுபதுக்கு மேற்பட்ட மாணவர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பிற்காலத்தவர் தமிழிலேயே படித்தார்கள். உடற்கூற்றுக்கு அவர் வழங்கிய பெயர் அங்காதிபாதம். அந்தச் சொல் இன்று யார் வாயிலும் இல்லை. நல்ல சொல்லும் வகுப்பறையை விட்டால் செத்துப்போகும்.

எங்கள் சொற்கள் எல்லாம் உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை. நெசவை நினைவூட்டும் இழையம், திசுவைவிட அழகு. மைற்றோகொண்டிரியாவுக்கு இழைமணி, அதுவும் அழகு. ஆனால் பிரசாரணம் என்றால் என்னவென்று கேட்டவுடன் விளங்குமா? அதற்குத் தமிழ்நாட்டில் சொல்லும் சவ்வூடு பரவல் பெயரிலேயே பாடத்தை நடத்திவிடுகிறது. நிறமூர்த்தத்தைச் சொன்னபோது திருநெல்வேலிப் பிள்ளை கோயிலில் கும்பிடுவதுபோல் கைகூப்பிக் காட்டினாள். குரோமோசோமாம்.

பேத்திக்குக் கலத்தை எப்படி மனதில் பதிப்பது என்று யோசித்தபோது, கனடாவில் இப்போது நாங்கள் இருக்கும் ஊரின் பெயர் கைகொடுத்தது. அஜக்ஸ் என்பதே ஒரு போர்க்கலத்தின் பெயர். 1939 டிசம்பரில் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்தில் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீயோடு மோதிய மூன்று பிரித்தானியத் தரப்புக் கப்பல்களில் அது ஒன்று. 1941இல் இங்கே ஒன்ராறியோ ஏரிக்கரையில் எழுந்த ஆயுதத் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த குடியிருப்புக்கு அந்தப் பெயரை வைத்தார்கள். தொழிற்சாலையில் என்ன செய்தார்கள் என்று கேட்டாள். செல்லுக்கு மருந்து நிரப்பினார்கள் என்றேன்.

“எந்த செல்?”

திருநெல்வேலிப் பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் வெங்காயத்தின் அடுத்த இதழை உரித்து, உட்பக்கத்துச் சவ்வை நகத்தால் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் விரித்தேன். அயடீன் ஒரு துளி. பொம்மை நுண்நோக்கிதான், என்றாலும் செங்கல் அடுக்கியதுபோலத் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் மஞ்சளாய் ஒரு பொட்டு.

“இது கலம்,” என்றாள், தானாகவே. “பொட்டு?”

“கரு.”

இரண்டையும் எழுதினாள். கலத்துக்கு மகரமெய் போட்டாளா, னகரமெய்யா என்று எட்டிப் பார்த்தேன். மகரந்தான்.