டென் பூம், கோரி (1892–1983)

நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் கடிகாரக் கடை நடத்திய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண்மணி. அந்நாட்டில் உரிமம் பெற்ற முதல் பெண் கடிகாரக் கலைஞர். நாஜி ஆக்கிரமிப்பின்போது யூதர்களுக்கு அடைக்கலம் தந்தார். இவருடைய படுக்கையறையில் பொய்ச்சுவர் எழுப்பி, துணி அலமாரியின் அடித்தட்டு வழியே தவழ்ந்து நுழையும் ஒடுங்கிய மறைவிடம் அமைக்கப்பட்டது. 1944 பிப்ரவரி 28 அன்று குடும்பமே கைதானது. உள்ளே ஒளிந்திருந்த ஆறு பேர் அகப்படவில்லை. 84 வயதுத் தந்தை காஸ்பர் பத்தே நாளில் சிறைக்காவலில் இறந்தார்.

கோரியும் தமக்கை பெட்சியும் ராவன்ஸ்புரூக் பெண்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே இவர்களைத் தாங்கி நின்றது, தேவன் இந்த இடத்திலும் கூடவே இருக்கிறார் என்ற நம்பிக்கைதான். கொட்டடியில் மொய்த்த தெள்ளுப்பூச்சிகளுக்காகவும் நன்றி சொல்லி ஜெபித்தார் பெட்சி. கோரியால் அதை ஏற்க முடியவில்லை. பூச்சிகளுக்கு அஞ்சியே காவலர்கள் உள்ளே வருவதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதனால்தான், ஒளித்துக் கொண்டுவந்த வேதாகமத்தை மங்கிய விளக்கடியில் வாசிக்க முடிந்தது. ஒரு வசனம் டச்சிலிருந்து ஜெர்மனுக்கும், பிரெஞ்சு, போலிஷ் மொழிகளுக்கும் வாய்மாறிப் படுக்கை வரிசைகளைக் கடந்து சென்றது. இவர்களுடைய துணிவின் உண்மையான உருவம் இந்தக் காட்சியே.

அந்த ஆண்டு டிசம்பரில் பெட்சி இறந்தார். மாத இறுதியில் நிர்வாகப் பிழையொன்றால் கோரி விடுதலையானார். 1947-இல் மியூனிக்கில் முன்னாள் முகாம் காவலர் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக் கை நீட்டியபோது தம் கை எழவில்லை என்றும், ஜெபித்த பிறகே நீட்ட முடிந்தது என்றும் பதிவுசெய்துள்ளார். 'மறைவிடம்' என்ற பொருள்தரும் தலைப்பில் இவரது வரலாறு 1971-இல் நூலாகவும் 1975-இல் திரைப்படமாகவும் வந்தது. 91-ஆம் பிறந்தநாளன்று காலமானார். ஹார்லெம் வீடு இன்று அருங்காட்சியகம்.