கீழ்த்திருப்பதியின் கல்லும் காரையும்

வடவேங்கடம் என்னும் சொல்லைத் தமிழ்ச் சங்க மேடைகளில் கேளாதார் இலர். தொல்காப்பியப் பாயிரம் தமிழகத்தின் வட எல்லையாக அம்மலையைச் சுட்டுவதை எடுத்துக்காட்டாத விழா மலரும் அரிது. ஆயின், அம்மலையின் அடியில் ஓர் ஊர் உண்டு. அவ்வூரில் தெருக்களும் வீடுகளும் சத்திரங்களும் உண்டு. அவை மாறியும் மாறாமலும் ஒரு நூற்றாண்டைக் கடந்து வந்துள்ளன என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நம்மிற் பெரும்பாலோர் திருப்பதியைக் காண்பது பேருந்தின் சன்னல் வழியாகவும், வரிசையில் முன்நிற்பவரின் தோளுக்கு மேலாகவுமே.

சித்தூரில் பிறந்து, திருப்பதியில் பி.ஏ. பயின்று, நடுவணரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக அமர்ந்து, மாற்றல் ஆணைகளின் வழியே வடக்கே வந்து சேர்ந்தவர் யாம். ஆண்டுக்கொரு முறை விடுப்பில் ஊர் செல்லும்போது, சென்ற ஆண்டு இருந்த கட்டடம் இவ்வாண்டு இல்லை என்பதை முதலில் உணர்வது எம் கால்களே. திரும்ப வேண்டிய மூலை அங்கே இராது. அவ்வனுபவத்தின் பயனே இக்கட்டுரை.

பழந்தமிழர் வழக்கில் மலைமேல் உள்ளது மேல்திருப்பதி. அடியில் உள்ளது கீழ்த்திருப்பதி. கீழ்த்திருப்பதியின் கரு கோவிந்தராசர் கோயிலே. 1130ஆம் ஆண்டில் இராமானுசர் அக்கோயிலை நிலைநாட்டினார் என்பது வைணவ மரபு. கோயிலைச் சூழ நான்கு மாட வீதிகள், அவற்றில் கைங்கரியம் செய்வோர் மனைகள், கிழக்கே கடைத்தெரு எனத் தமிழகத்துத் திருப்பதிகளுக்கெல்லாம் பொதுவான அமைப்பிலேயே ஊர் வளர்ந்தது. மட்லி அனந்தராசர் எழுப்பிய ஏழுநிலைக் கோபுரம் இன்றும் பழைய ஊரின் தலையாய அடையாளம். விடுதிகள் எத்தனை அடுக்கு உயர்ந்தபோதிலும், வழி கேட்போர்க்கு ஊரார் சுட்டுவது அதனையே.

தேரோடும் வீதியின் அகலம் மட்டும் எளிதில் மாறுவதில்லை என்பதை யாம் பல ஊர்களிற் கண்டிருக்கிறோம். வீட்டை இடிக்கலாம், கடையை உயர்த்தலாம். தேர் திரும்பும் மூலையை எவரும் அடைக்கத் துணியார். கீழ்த்திருப்பதியில் கட்டடங்கள் மும்முறை மாறியும் தெருக்களின் கட்டம் மாறாதிருப்பதற்கு, நகராட்சியின் விதிகளை விடத் தேர்ச்சக்கரமே பெருங்காரணம் என்பது எம் துணிபு.

1886இல் இவ்வூர்க்கு நகராட்சி வந்தது. 1891இல் தென்னிந்திய இரயில்வேயின் புகைவண்டி வந்தது. 1901ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஊரின் மக்கள் தொகை ஏறத்தாழ 15,000. அன்றைய வீடுகளின் அமைப்பை இளமையில் நேரிற் கண்ட முதியோர் அண்மைக் காலம் வரை இருந்தனர். தெருவை நோக்கிய திண்ணை, அடுத்து ரேழி, உள்ளே வானம் பார்த்த முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கொல்லையிற் கிணறு. கூரைக்கு நாட்டு ஓடு. செல்வர்க்குச் சுண்ணாம்புக் காரையிட்ட மெத்தை. திண்ணை இங்கே அலங்காரமன்று. புரட்டாசியில் வரும் யாத்திரிகர்க்கு அதுவே இரவுப் படுக்கை. சென்னையிலிருந்தும் ஆர்க்காட்டிலிருந்தும் கால்நடையாக வந்தோர், யார் வீட்டுத் திண்ணையென்று கேளாமல் மூட்டையை இறக்குவர், வீட்டாரும் கேளார். பின்னர்ப் புகைவண்டி கூட்டத்தைப் பெருக்கவே திண்ணைகள் போதவில்லை. சத்திரங்கள் எழுந்தன. நீண்ட முகப்பு, வரிசையான தூண்கள், நடுவே முற்றம் என அவையும் வீட்டின் அமைப்பையே பெரிதாக்கிக் கொண்டவை.

1843 முதல் 1933 வரை கோயில் ஆட்சி ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகளின் கையில் இருந்தது. அவர்கள் வடநாட்டு வழிவந்தோர். மலைமேல் கோயிலுக்கு அருகே இன்றும் நிற்கும் அம்மடத்தின் கட்டடத்தைப் பாருங்கள். தமிழகத்து மடமென்றும் சொல்ல இயலாது. வடநாட்டு மாளிகையென்றும் சொல்ல இயலாது. இங்கிருந்து மேற்கே சந்திரகிரியில் உள்ள ராஜ மகாலும் இவ்வகைக் கலப்பே. கல்லும் செங்கல்லும் காரையும் கொண்டு, மரம் சேர்க்காமல் எழுப்பப்பட்ட அவ்விசயநகர மாளிகையில் முகம்மதியர் வளைவும் இந்துக் கோபுரமும் ஒரே சுவரில் அமைந்துள்ளன. இந்நாட்டுக் கட்டடக்கலை என்றுமே தூய்மை நோன்பு நோற்றதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1933இல் ஆட்சி தேவஸ்தானத்திடம் வந்தது. ஆனால் கட்டடங்களின் தலைவிதியை மாற்றியது அவ்வாண்டன்று, 1944. அவ்வாண்டு ஏப்பிரல் திங்களில் மலைப்பாதையைச் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் திறந்து வைத்தார். அதற்கு முன் மலைமேற் செல்ல வேண்டியவர் அலிபிரியிலிருந்து மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏற வேண்டும், அன்றேல் சந்திரகிரிப் பக்கத்துச் சீவாரி மெட்டு வழியே ஏற வேண்டும், முடியாதவர்க்கு டோலி. கட்டடப் பொருளும் அவ்வாறே. ஒவ்வொரு மூட்டைச் சுண்ணாம்பும் ஒரு மனிதனின் தலையிலேறி மலைமேற் சென்றது. ஆதலின் மேலே கிடைத்த கல்லே கட்டடமாயிற்று; தேவைக்கு மேல் எவரும் கட்டவுமில்லை. சாலை வந்தபின் சிமெண்டும் இரும்புக் கம்பியும் லாரியில் ஏறின. கல் தச்சனுக்கு வேலை குறைந்தது; கொத்தனாருக்குப் பெருகிற்று. 1974இல் இரண்டாவது சாலையும் அமைந்தபின், ஏறுவதற்கொன்று இறங்குவதற்கொன்று என ஓயாத ஓட்டம் தொடங்கிற்று. படிவழியில் நின்ற இளைப்பாற்று மண்டபங்கள் பலவற்றைக் கவனிப்பார் குறைந்தனர். காலையில் வந்து மாலையில் திரும்ப இயலும் என்றான பின் கீழ்த்திருப்பதித் திண்ணையில் எவர் படுப்பார்? திண்ணை கடையாயிற்று. முதலிற் பலகை வைத்த கடை; பின்பு இரும்பு உருள்கதவு.

இடையே எல்லைகளும் நகர்ந்தன. 1911இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவான சித்தூர் மாவட்டம், 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்றது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. திருப்பதியும் சித்தூரும் வரவில்லை. அவ்வழக்கை இங்கே மீண்டும் விரிக்க எண்ணம் இல்லை. எம் வீட்டில் தமிழும் தெருவில் தெலுங்கும் பேசி வளர்ந்தோம். இரண்டும் எமக்குத் தாயும் சிற்றன்னையுமாகவே இருந்தன. 1954இல் வேங்கடேசுவரப் பல்கலைக்கழகம் மலையடிவாரத்தில் எழுந்ததும், ஊர் கோயிலை விட்டு முதன்முறையாக மேற்கும் வடக்கும் கால் நீட்டியது என்பதே நம் பொருளுக்கு வேண்டுவது.

மலைமேல் நிகழ்ந்த மாற்றமே பெரிது. ஆயிரங்கால் மண்டபம் எம் நினைவில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் சாளுவர் காலத்தில் எழுந்து, கோயிலின் எதிரே நின்றது அது. சிறுவயதில் எம்மை அம்மண்டபத்தில் உட்காரவைத்து, தூண்களை எண்ணச் சொல்லிவிட்டு, எம் பாட்டனார் கண்ணயர்வது வழக்கம். ஆயிரம் என்ற எண்ணிக்கையை யாம் ஒருபோதும் எட்டியதில்லை. வெயில் நாளில் அத்தூண்களின் அடியிலிருந்த குளிர்ச்சியை மட்டும் உடல் மறக்கவில்லை. 2003இல், கோயிலைச் சுற்றி இடம் விரிக்கும் பெருந்திட்டத்தின்கீழ் அம்மண்டபம் அகற்றப்பட்டது. மாட வீதிகளை அகலப்படுத்தத் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்தோரின் வீடுகளும் அகற்றப்பட்டன. பலர் பாலாஜி நகருக்குக் குடிபெயர்ந்தனர். 2023இல் பார்வேட்டை மண்டபமும் பழையது நீங்கிப் புதிதாக எழுந்தது.

இதில் தேவஸ்தானத்தை மட்டும் குறைகூறுதல் நேர்மையாகாது. இன்று நாளொன்றுக்கு அறுபதாயிரம் எழுபதாயிரம் பேர் மலையேறுகின்றனர். அத்தனை பேரையும் பழைய சந்நிதித் தெருவில் நிறுத்தினால் நெரிசலில் உயிர்கள் போகும். வைகுண்டம் வரிசை வளாகம் கண்ணுக்கு இனியதன்று. கூண்டு போன்ற அறைகள் என்று நாமே முணுமுணுத்திருக்கிறோம். ஆயினும் மழையில் நனையாமல் குழந்தையோடு அமர ஓரிடம் அதுவே தந்தது. எம் மனக்குறை இடித்ததில் அன்று. இடிக்குமுன் எழுதிவைத்தனரா, அளந்துவைத்தனரா என்பதே எம் கேள்வி.

இக்கேள்வி புதிதன்று. வேங்கடவன் கோயிற் சுவர்களில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள. அவற்றில் மிகப் பெரும்பான்மை தமிழ். சாது சுப்பிரமணிய சாத்திரியார் அவற்றை ஆராய்ந்து 1930இல் அறிக்கை அளித்தார். தேவஸ்தானம் அப்பதின்ம ஆண்டுகளில் அவற்றை ஆறு தொகுதிகளாக அச்சிட்டது. பல்லவ குலத்துச் சாமவை என்னும் காடவன் பெருந்தேவி வெள்ளித் திருமேனி அளித்ததைச் சொல்லும் கல்வெட்டு அவற்றுள் பழையது. அதில் ஒரு வியப்பு. நாம் இன்று காண்பது மூலக் கல்வெட்டு அன்று, படி. பதின்மூன்றாம் நூற்றாண்டில், வீரநரசிங்க யாதவராயர் காலத்தில், திருப்புல்லாணி தாசர் என்பவர் கோயிலைப் புதுக்க முற்பட்டார். பழைய சுவரை நீக்க வேண்டியதாயிற்று. நீக்குமுன், அதிலிருந்த எழுத்துகளைப் புதிய சுவரில் மீண்டும் பொறிக்கும்படி அவர் வேண்டிப் பெற்றார். அவ்வாறே பொறிக்கப்பட்டன. இன்றேல் சாமவையின் பெயரை நாம் அறிந்திருக்க மாட்டோம்.

ஏழு நூற்றாண்டுகள் கழித்து, 2008இல், அச்சுவர்களுக்குப் பொன்தகடு போர்த்தும் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பக்தர்கள் பொன்னும் பொருளும் கொடுத்தனர். தகட்டின் பின்னே கல்வெட்டுகள் மறையும், சேதமுறும் என்று வரலாற்றறிஞர் எதிர்த்தனர், வழக்கு நடந்தது. 2009 டிசம்பரில் ஆந்திர உயர்நீதிமன்றம் திட்டத்தைத் தடுத்தது. பொன்னை விலக்கிக் கல்லைக் காத்த தீர்ப்பு அது. நமது நாட்டில் இத்தகைய தீர்ப்புகள் பல இல்லை.

கீழே ஊர் தன் போக்கில் வளர்கிறது. 2011இல் மக்கள் தொகை ஏறத்தாழ 2,87,000. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூரின் நிழலிலிருந்து விலகிற்று. சீனிவாச சேது என்னும் மேம்பாலம் கபிலதீர்த்தச் சாலை வரை வானத்தை மறைத்து நீள்கிறது. அதே 2022இல், புதிய இரயில் நிலையத்தின் வரைபடம் வெளியானபோது, அது கண்ணாடி போர்த்திய அலுவலகக் கட்டடம் போல் உள்ளது, திருப்பதியின் சாயல் சிறிதும் இல்லை என்று பொதுமக்கள் பலர் எதிர்த்து எழுதினர். மேலே ஒரு கோபுரத்தை ஒட்டவைத்துவிட்டால் சாயல் வந்துவிடுமோ என்பது எம் ஐயம். ஆயினும் மக்கள் கேட்டனரே என்பதில் மகிழ்ச்சி. மறு ஆண்டில், நிலையத்தை அடுத்த கோவிந்தராச சத்திரங்களுக்கு மாற்றாகப் பன்மாடி விடுதிகள் கட்ட முடிவாயிற்று. அச்சத்திரங்களில் ஒரு முறையேனும் பாய் விரித்துப் படுத்தவர் இம்மலரைப் படிப்போரில் பலர் இருப்பர்.

பிறரை வினவியது போதும். எம் வீட்டுச் செய்தியைச் சொல்லாமல் விடுவது முறையாகாது.

சித்தூரில் வெல்ல மண்டி வைத்திருந்த எம் பாட்டனார் கட்டிய வீடு, முற்றமும் தேக்குத் தூண்களும் கொண்டது. 2007இல் அதை இடித்து மூன்று அடுக்காகக் கட்டுவதென்று குடும்பத்தில் முடிவாயிற்று. நான்கு பங்காளிகளுக்கு ஒரு முற்றத்தைப் பகிர்ந்து கொடுக்க வழியில்லை. யாமும் கையொப்பமிட்டோம், அதனால் வந்த வாடகையில் எம் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினோம். தூண்களையும் உத்தரங்களையும் பழைய மரம் வாங்குவோர் ஒரே நாளில் ஏற்றிச் சென்றனர். அவற்றோடு வாயில் நிலையும் போயிற்று. அதன் மேற்சட்டத்தில் பாட்டனார் வீடு கட்டிய ஆண்டும் திங்களும் நாளும் தமிழில் செதுக்கப்பட்டிருந்தன. பண்டிகைதோறும் அதன்மேல் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, எழுத்துகளின் பள்ளம் தூர்ந்திருந்தது. துடைத்துப் படிக்க ஒரு நாழிகை போதும். லாரி நின்றுகொண்டிருந்தது, எவருக்கும் அது தோன்றவில்லை.

அவ்வாண்டு சித்திரபானு என்கிறார் எம் தந்தையார். சுபானு என்கிறார் சிற்றப்பா. சென்ற பொங்கலுக்கு ஊர் சென்றபோதும், மூன்றாம் அடுக்குக் கூடத்தில் அமர்ந்து இருவரும் அதைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருந்தனர்.