உழுதவர் பெயர் ஏட்டில் இல்லை

திருத்தணியைச் சூழ்ந்த சிற்றூர்களில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைவதில் நம் மக்களின் உழைப்பு பெரிது. ஆயினும் அரசின் உதவித் தொகை உழைத்த கையைத் தேடி வருவதில்லை. பட்டாவிலுள்ள பெயரையே தேடி வருகின்றது. மைய அரசு 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டம், நிலமுடைய உழவர் குடும்பத்திற்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் வழங்குகின்றது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுவோருக்கும் கூலிக்கு நாற்று நடுவோருக்கும் அதில் இடமில்லை.

இக்குறையின் வேர் பழையது. முன்னாளில் இப்பகுதி கார்வேட்டிநகர சமீனைச் சார்ந்திருந்தது. சமீன்தாரி முறையை ஒழித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம் குடியானவர்க்குப் பட்டா வழங்கிற்று; அவரிடம் கூலிக்கு உழைத்தவர்க்கு வழங்கவில்லை. 1892இல் சென்னை மாகாண அரசு நம் முன்னோர்க்கென ஆணையிட்டு ஒதுக்கிய பஞ்சமி நிலங்களிலும் பெரும்பகுதி கைமாறிப் போயிற்று. 1960இல் திருத்தணி ஆந்திரத்தினின்றும் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறிற்று, ஏட்டிலுள்ள பெயர் தானே மாறிவிடவில்லை.

இளைஞர்களே! நாம் கற்ற கல்வி இங்கே பயன்படட்டும். இல்லந்தோறும் பட்டா, சிட்டாவைப் படித்துப் பார்ப்போம். பாட்டனார் பெயரிலேயே நின்றுவிட்ட பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுச் செய்வோம். குத்தகை உழவர், 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி தம் உரிமையைப் பதிவு செய்யத் துணை நிற்போம். அப்பதிவு இன்று இவ்வுதவித் தொகையைத் தராது. எனினும் உழுபவர் யார் என்பதற்கு அரசு ஏட்டிலேயே சான்றாக நிற்கும்.