பிளேட்டு, தட்டு, வினைல்

சொன்னதை மாற்றிப் பேசுகிறவரைப் பார்த்து, "என்ன, பிளேட்டைத் திருப்பிப் போடுறீங்க?" என்று கேட்கிறோம். அந்தப் பிளேட்டு கிராமபோன் இசைத்தட்டு. இந்த வழக்கின் வயதை ஓரளவு கணிக்கவும் முடியும். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான தட்டுகளில் ஒரு பக்கம்தான் பாட்டு, மறுபக்கம் வெறுமை. ஜெர்மனியின் ஓடியன் நிறுவனம் இருபக்கத் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1904இல். ஆகவே அதற்குப் பிறகுதான் இந்தப் பேச்சு பிறந்திருக்க வேண்டும்.

இந்தியாவின் முதல் இசைத்தட்டு நட்சத்திரமான அந்தக் கௌஹர் ஜானின் கடைசிக் காலம் மைசூரில் கழிந்தது. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் 1928இல் அவரை அரண்மனைப் பாடகியாக அமர்த்தினார். 1930 ஜனவரியில் அங்கேயே காலமானார். அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டால், பாட்டு முடிந்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது காதில் விழும். பதிவு கப்பலேறி ஜெர்மனியின் ஹனோவருக்குப் போய்த்தான் தட்டாகும். பாடியவர் யாரென்று அங்கே லேபிள் ஒட்டுகிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே! விரிவாகப் பாட வேண்டிய ராகத்தையும் அந்தப் பெயரையும் சேர்த்து மூன்று நிமிடத்துக்குள் அடக்கினார்.

தட்டு என்பது வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். கன்னடத்தில் பேச்சுக்குத் 'தட்டெ' உண்டு. எழுத்தில் 'த்வனிமுத்ரிகெ', அதாவது ஒலி முத்திரை. எனக்கு அதுதான் இன்னும் பொருத்தமாகப் படுகிறது. அரக்குக் கலவையைச் சூடாக்கி, அச்சில் வைத்து அழுத்தித்தான் அன்றைய தட்டுகளைச் செய்தார்கள். அரக்கில் முத்திரை குத்துவது நமக்குப் பழகிய வேலை.

அரக்குக்குப் பதில் வினைல் பிளாஸ்டிக்கில் எல்.பி. தட்டு 1948இல் அமெரிக்காவில் வந்தது. அது புழக்கத்தில் இருந்த காலத்தில் நம்மவர்கள் எல்.பி. என்றோ ரிக்கார்டு என்றோதான் சொன்னார்கள். வினைல் என்ற பெயர் பரவியது பின்னால், சி.டி.யிலிருந்து பிரித்துச் சொல்லத் தேவை வந்தபோது.

வீட்டில் கேட்பதற்காக மைசூர் மகாராஜா ஜெயசாமராஜ உடையார் செய்ததை நினைத்தால் இன்றும் வியப்புத்தான். இசையமைப்பாளர் ரிச்சர்டு ஸ்ட்ராஸின் 'கடைசி நான்கு பாடல்கள்' 1950 மே 22 அன்று லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் முதன்முதலாக அரங்கேறின. கிர்ஸ்டன் பிளாக்ஸ்டாடு பாடினார், பர்ட்வாங்லர் இசைக்குழுவை நடத்தினார். நேரில் போக முடியாத மகாராஜா செலவுக்குப் பொறுப்பேற்று, நிகழ்ச்சியைப் பதிவு செய்து மைசூருக்கு அனுப்பச் செய்தார். அந்த ஏற்பாட்டால்தான் அன்றைய கச்சேரி இன்று நமக்கும் கேட்கக் கிடைக்கிறது.

வினைலா டிஜிட்டலா என்ற வாக்குவாதத்தில், ஒலித் துல்லியத்தைப் பொறுத்தவரை நான் டிஜிட்டல் கட்சி. எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்று ஒரே வேகத்தில் சுழல்கிறது. முள் நடுவை நெருங்க நெருங்க ஒரு சுற்றுக்குக் கிடைக்கும் பள்ளத்தின் நீளம் குறைகிறது, உச்ச ஸ்வரங்கள் மங்குகின்றன. கச்சேரி உச்சத்துக்குப் போவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்! 1982இல் வந்த சி.டி. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைப்பது. தொடக்கமும் முடிவும் அதற்கு ஒன்றே. ஆனால் உட்கார்ந்து கேட்கும் பழக்கத்துக்கு எல்.பி.தான் நல்ல ஆசான். ஒரு பக்கம் இருபது நிமிடம் ஓடும். எழுந்து போய் முள்ளைத் தூக்கி வைக்கச் சோம்பல்பட்டே ஆலாபனையை முழுதாகக் கேட்டவர்கள் ஏராளம்.

போனில் கேட்கிற இந்த நாளிலும் நாம் 'பாட்டு போடு' என்கிறோம், மைசூரில் 'ஹாடு ஹாகு' என்கிறார்கள். 'ஹாகு' என்றாலும் போடு என்றுதான் பொருள். நாடகம் போடுவதும் வேஷம் போடுவதும் தமிழில் முன்பே உண்டு. பாட்டோடு அந்த வினை சேர்ந்தது, தட்டை எடுத்துப் பெட்டியில் போட்ட பழக்கத்தால் என்றே நினைக்கிறேன். அதற்கு முன் பாட்டைப் பாடினார்கள், பாடச் சொன்னார்கள். இரண்டு மொழியிலும் ஒரே வினை வந்து சேர்ந்திருப்பது இந்த ஊகத்துக்குப் பலம்.