மூலமும் உரையும்: ஒரு கணினி விளையாட்டின் இருபது ஆண்டுகள்

2002 மே மாதம் அமெரிக்காவின் பெதெஸ்டா நிறுவனம் ‘மொரோவிண்ட்’ என்ற கணினி விளையாட்டை வெளியிட்டது. ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் அது மூன்றாவது. கைதியாகக் கப்பலில் ஏற்றிவரப்பட்டு, முன்பின் தெரியாத தீவொன்றில் இறக்கிவிடப்படும் ஒருவரின் கதை. தீவின் மக்கள் அவரை ‘வெளியாள்’ என்றே அழைப்பார்கள். ரொறன்ரோவில் பதின்ம வயதைக் கழித்த எனக்கு அந்தச் சொல்லுக்கு அகராதி தேவைப்படவில்லை. ஆனால் இங்கே நான் சொல்ல விரும்புவது அந்தக் கதையை அல்ல. அந்தக் காலத்து விளையாட்டுகள் பல இன்றைய கணினியில் திறக்கவே மறுக்கும்போது, இது மட்டும் எப்படி இன்னும் ஓடுகிறது என்பதைத்தான்.

முதற்காரணம், விற்பனைப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. ‘கன்ஸ்ட்ரக்ஷன் செட்’ என்ற கருவியையும் நிறுவனம் விளையாட்டோடு சேர்த்தே கொடுத்தது. வீடு, மலை, மனிதர், உரையாடல் எல்லாவற்றையும் அதைக்கொண்டு எவரும் மாற்றலாம், புதிதாகவும் சேர்க்கலாம். அப்படிச் செய்யப்படும் துணைக்கோப்பைத்தான் ‘மொட்’ என்கிறார்கள். மொட் மூலக்கோப்பில் கை வைப்பதில்லை. அதன்மேல் ஒரு படலம் போலப் படிந்து, தான் மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுகிறது. இரண்டு மொட்டுகள் ஒரே இடத்தில் முரண்பட்டால், பிறகு ஏற்றப்படுவதன் சொல்லே நிற்கும். மூலம் ஒன்று, உரைகள் பல என்ற ஏற்பாடு தமிழ் படித்தவர்களுக்குப் புதிதல்ல.

உரை எழுதியவர்களில் இரு வகையினர் இருந்தார்கள். முதல் வகையினர் சேர்த்தவர்கள். ‘தம்ரியல் ரீபில்ட்’ என்ற குழு, விளையாட்டு வெளிவருவதற்கு முன்பே, 2001இல் தொடங்கியது. விளையாட்டில் காட்டப்படாத பெருநிலப் பகுதியைக் கட்டும் அவர்களுடைய வேலை இன்றும் தொடர்கிறது. தொடங்கியபோது பிறந்திராதவர்கள்கூட இன்று அதில் வேலை செய்யக்கூடும். இரண்டாம் வகையினர் செப்பனிட்டவர்கள். புதிய வாளோ புதிய ஊரோ அவர்கள் தரவில்லை. விளையாட்டு இடையில் நின்றுபோகாமல், திணறாமல் ஓடவேண்டும் என்பதே அவர்கள் கவலை. அவர்கள் பெயர்களை யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் அவர்கள் இல்லாவிட்டால் முதல் வகையினரின் ஊர்களுக்குப் போய்ச்சேர வழி இருந்திராது.

அவர்கள் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள அக்காலத்துப் பொறிகளை நினைக்க வேண்டும். மொரோவிண்டுக்குக் கேட்கப்பட்ட குறைந்தபட்சக் கணினி 500 மெகாஹேர்ட்ஸ் வேகம் கொண்டது. அதே ஆண்டு எக்ஸ்பொக்ஸிலும் அது வந்தது. அந்தப் பெட்டியின் நினைவகம் மொத்தமே 64 மெகாபைட். நினைவகம் நிரம்பிவிட்டால், ‘ஏற்றப்படுகிறது’ என்ற திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆடுபவருக்குத் தெரியாமல் பெட்டியை அணைத்து மீண்டும் இயக்கிவிடுவோம் என்று, விளையாட்டை வழிநடத்திய டொட் ஹவர்ட் பல ஆண்டுகளுக்குப் பிறகு சிரித்தபடி சொன்னார்.

கணினியில் வேறொரு தந்திரம் இருந்தது: மூடுபனி. தீவு சதுரக் கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஆடுபவரின் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரு கட்டத் தூரம்தான் தெரியும். அதற்கப்பால் எல்லாம் பனி. கதை தொடங்கும் சேய்டா நீன் என்ற துறையிலிருந்து பல்மோரா நகரம் வடக்கே ஏழு கட்டங்கள். விளையாட்டின் அளவுகோலில் நேர்கோட்டில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் போகுமிடத்தைக் காட்டும் அம்புக்குறி கிடையாது. ஊரார் சொல்லும் அடையாளங்களை வைத்துக்கொண்டு, ‘பாலத்தைத் தாண்டி, ஆற்றோரமாக’ என்று பனிக்குள் நடந்து போனபோது அது நாட்கணக்கான பயணமாகத் தோன்றியது.

பின்னாளில் செப்பனிட்டவர்கள் பனியை விலக்கினார்கள். ‘மொரோவிண்ட் கிரஃபிக்ஸ் எக்ஸ்டெண்டர்’ என்ற கருவி தொலைவு நிலத்தையும் வரைந்து காட்டியது. துறையில் நின்றபடியே விவெக் நகரின் பெருமாடங்களைப் பார்க்க முடிந்தது. அழகுதான். ஆனால் தீவு சட்டென்று சிறுத்துப்போனது. குறை என்று நினைத்தது ஒரு கதைசொல்லும் முறையாகவும் இருந்திருக்கிறது. ஆகவே எதைத் திருத்துவது, எதை விடுவது என்பது வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல. பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியர் ஒவ்வொரு சொல்லிலும் சந்திக்கும் கேள்வி அது.

கணினிகள் வேகம் பெற்றபின் சிக்கல் தானாகத் தீரும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தோம். தீரவில்லை. விலையுயர்ந்த வரைகலை அட்டை உள்ள கணினியிலும் நகரங்களுக்குள் நுழைந்தால் படம் தடுமாறியது. ஒவ்வொரு சுவருக்கும் கூரைக்கும் கதவுக்கும் ‘இதை வரை’ என்று மையச் செயலி வரைகலை அட்டைக்குத் தனித்தனிக் கட்டளை அனுப்ப வேண்டியிருந்ததே காரணம். வரைபவர் விரைவானவர், கட்டளை சொல்பவர்தான் மூச்சுவாங்கினார். ‘புரொஜெக்ட் அட்லஸ்’ என்ற முயற்சி இதற்கு எளிய வழியொன்றைக் கையாண்டது: பல மேற்பரப்புப் படங்களை ஒரே பெரிய தாளில் ஒட்டிவைத்தால், பல கட்டளைகளை ஒன்றாகச் சுருக்கலாம். பார்ப்பவருக்கு எந்த மாற்றமும் தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலையின் வெற்றி.

2008இல் தொடங்கிய ‘ஓப்பன்எம்டபிள்யூ’ இன்னும் ஆழத்துக்குப் போனது. விளையாட்டை இயக்கும் இயந்திரத்தையே தன்னார்வலர்கள் முதலிலிருந்து எழுதினார்கள். நிறுவனத்தின் மூலநிரல் அவர்களிடம் இல்லை. விளையாட்டை வாங்கியவரின் தரவுக்கோப்புகளை அது படித்து ஓட்டும். லினக்ஸிலும் மக்கிலும் ஓடும். 255 துணைக்கோப்புகளுக்கு மேல் ஏற்ற முடியாது என்ற பழைய தடையும் அதில் இல்லை.

இந்த உழைப்பு யாருக்குச் சொந்தம்? 2015 ஏப்ரல் 23 அன்று, இதே வரிசையின் பிந்திய விளையாட்டான ‘ஸ்கைரிமு’க்கான மொட்டுகளை விலைக்கு விற்கும் திட்டத்தை வால்வ் நிறுவனமும் பெதெஸ்டாவும் அறிவித்தன. செய்தவருக்கு 25 வீதம். எதிர்ப்புப் பொங்கியது, நான்கு நாளில் திட்டம் கைவிடப்பட்டது. 2021இல் பெரிய மொட் களஞ்சியமான ‘நெக்ஸஸ்’, ஏற்றிய கோப்புகளை ஆசிரியர்கள் இனி நிரந்தரமாக அழிக்க முடியாது என்று முடிவெடுத்தபோது, பலர் கோபத்தோடு தங்கள் வேலையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பொதுவில் வைத்தது பொதுச்சொத்தா, செய்தவரின் உடைமையா? இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. அழியாமல் காப்பதற்கு நான் அதிக எடை கொடுப்பேன்.

அதற்குக் காரணம் நம்முடைய அனுபவம். மொரோவிண்டின் கோப்புகளில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட். ஆங்கிலப் பதிப்புக்கு ஒரு குறியீட்டு அட்டவணை, போலிஷுக்கு வேறு, ரஷ்ய மொழிக்கு வேறு. ஓப்பன்எம்டபிள்யூவில் இன்றும் இம்மூன்றில் ஒன்றைத்தான் தேர்கிறோம். தமிழ் அந்த வரிசையில் இல்லை. தொண்ணூறுகளில் நாம் என்ன செய்தோம்? ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பதித்த ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினோம். அதுவும் ஒரு மொட்தான். கணினியின் மூலத்தில் கை வைக்காமல் மேலே போர்த்திய படலம். புலம்பெயர் சிற்றிதழ்கள் பல அப்படித்தான் தட்டச்சாகின. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்புகளைத் திறந்தால், புள்ளி விழவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாக, ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் வருகிறது.

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் முதலில் தஸ்கி குறியீட்டில் நூல்களை ஏற்றி, பின்னர் அவற்றை யுனிகோடுக்கு மாற்றியது. அதைச் செய்தவர்களும் தன்னார்வலர்களே. புதிய நூல் எழுதியவர்கள் அல்லர், பழையதை இன்றைய கணினியில் படிக்கவைத்தவர்கள். சிற்றிதழ்களின் பழைய வட்டுகள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அவற்றிலிருந்து அச்சுப் படத்தை மட்டும் எடுத்துவைப்பது போதாது. தட்டச்சுக் கோப்பையும் அதன் எழுத்துருவையும் சேர்த்தே ஒப்படைக்க வேண்டும். பின்னால் வருபவர் திருத்துவதற்கான கருவி, பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும்.