சதுரங்கம் ஆடிய சிறுவன் மருத்துவரான கதை

நீரடிமுத்து எண்ணெய் என்ற பெயரை நம் தோட்டத்துப் பெரியவர்களில் சிலராவது கேட்டிருப்பார்கள். சொறி சிரங்குக்கும் தொழுநோய்க்கும் நாட்டு வைத்தியர்கள் கொடுத்துவந்த எண்ணெய் அது. மேனாட்டு மருத்துவம் படித்த ஓர் இந்தியர் நூறாண்டுகளுக்கும் முன்பே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார். பாவு தாஜி லாட் என்னும் அவரைப் பற்றி இன்று அறிந்துகொள்வோம்.

கோவாவில் ஓர் ஏழைக் குடும்பத்தில் 1822ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். பிழைப்புத் தேடிக் குடும்பம் பம்பாய்க்குப் போயிற்று. பிழைக்கக் கடல் தாண்டி வந்தவர்களின் வழியில் வந்த நமக்கு அந்த நிலை புரியாததன்று. சிறுவன் சதுரங்கத்தில் கெட்டிக்காரன். அந்த ஆட்டத்தைக் கண்டு வியந்த ஆங்கிலேயர் ஒருவர், "இவனை ஆங்கிலம் படிக்க வையுங்கள்" என்று தந்தையிடம் வற்புறுத்தினாராம்.

எல்பின்ஸ்டன் கல்விக்கூடத்தில் படித்தார். பெண் சிசுக்கொலையைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசு பெற்றார். அங்கேயே ஆசிரியரும் ஆனார். அத்தோடு நின்றிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1845இல் பம்பாயில் கிராண்ட் மருத்துவக் கல்லூரி தொடங்கியபோது, பாடம் சொல்லிக்கொடுத்தவர் மறுபடி மாணவராகச் சேர்ந்தார். அறுவை மருத்துவம் கற்கப் பிணத்தை அறுத்துப் பார்க்கவேண்டும். பிணத்தைத் தொட்டாலே தீட்டு என்றிருந்த காலம் அது! 1851இல் தேறி வெளிவந்த முதல் அணியில் அவரும் ஒருவர்.

தொழிலில் நல்ல பெயர் கிடைத்தது. தம்பி நாராயணுடன் ஏழைகளுக்கு இலவச மருந்தகம் நடத்தினார். சமஸ்கிருத வைத்திய நூல்களைப் படித்து, அவற்றில் சொன்ன மருந்துகளை நோயாளிகளிடம் கொடுத்து, பலன் உண்டா என்று கவனித்தார். தொழுநோய்க்கு அவர் பயன்படுத்தியது நீரடிமுத்து இனத்து விதையின் எண்ணெய்தான். மருந்து இன்னதென்று அவர் உடனே வெளியிடாதது மட்டும் நமக்குச் சரியாகப் படவில்லை.

1873இல் நார்வே நாட்டு ஹான்சன் தொழுநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். மறு ஆண்டே பாவு தாஜி காலமானார். நம் நாட்டில் 1930இல் திறந்த சுங்கைப் பூலோ தொழுநோய்க் குடியிருப்பிலும் அந்த இனத்து எண்ணெயையே ஊசி மூலம் ஏற்றினார்கள். வலி மிகுந்த ஊசி, பலனோ குறைவு. 1940களின் இறுதியில் டாப்சோன் மாத்திரை வந்த பிறகே அந்த ஊசி ஓய்ந்தது.