லிஸ்பன் தெருக்களில் ஓர் உணவு உலா

ஒரு நகரின் வரலாற்றை அறிய விரும்புவோர் அரண்மனைகளையும் கல்வெட்டுக்களையும் நாடிச் செல்வர். அடுக்களையை நாடிச் செல்வாரும் உளர். போர்த்துக்கல் நாட்டின் தலைநகராகிய லிஸ்பனில் இவ்வழக்கம் அண்மைக் காலத்தில் பெரிதும் பரவியுள்ளது. வழிகாட்டி ஒருவர் சிறு குழுவொன்றை அழைத்துக்கொண்டு, மூன்று நான்கு மணி நேரம் தெருத்தெருவாக நடந்து, கடைக்குக் கடை ஒரு வாய் உண்ணச் செய்து, அவ்வுணவின் கதையையும் உரைப்பார். நம் விடுப்புப் பயணச் சலுகை பாரத எல்லையோடு நின்றுவிடுவதால், நாம் நூல்களைத் துணைக்கொண்டே அவ்வழியில் நடந்து வருவோம்.

உலா பெரும்பாலும் நகரின் நடுவிலுள்ள ரோசியோ சதுக்கத்தின் அருகில் தொடங்கும். அங்கே புனித தோமினிக்கு ஆலயத்தின் எதிரில், 1840 முதல் நடந்துவரும் மிகச் சிறிய கடை ஒன்று உண்டு. புளிப்புச் செர்ரிப் பழத்தை ஊறவைத்து வடித்த ஜின்ஜின்யா என்னும் மதுவைச் சிறு கிண்ணங்களில் ஊற்றித் தருவர். வாங்கியோர் தெருவில் நின்றே பருகுவர். மதுவைப் பற்றி நாம் மேலும் சொல்ல வேண்டுவதில்லை. அவர்கள் நிற்கும் தரையைப் பற்றியே சொல்ல வேண்டும்.

போர்த்துக்கல் மன்னன் மனுவேல், தன் நாட்டு யூதர் அனைவரும் மதம் மாற வேண்டும், இன்றேல் வெளியேற வேண்டும் என 1496-இல் ஆணையிட்டான். மறு ஆண்டில் வெளியேறும் வழியையும் அடைத்து வலிந்து திருமுழுக்குக் கொடுத்தனர். அவ்வாறு மாறியோர் 'புதுக்கிறித்தவர்' எனப்பட்டனர். 1506 ஏப்பிரலில், இவ்வாலயத்தில் மூண்ட ஒரு பூசலைத் தொடர்ந்து, வெறிகொண்ட கூட்டம் புதுக்கிறித்தவரைத் தேடித் தேடிக் கொன்றது. மாண்டோர் 1,900-க்கும் மேற்பட்டோர் என அக்கால வரலாற்றாசிரியர் தமியாவோ த கோயிஸ் எழுதியுள்ளார். அவர்கள் நினைவாக நாட்டப்பட்ட கல்லொன்று இன்று அவ்விடத்தில் உள்ளது.

அடுத்து அல்யெய்ரா என்னும் உணவு வரும். கோழி முதலியவற்றின் இறைச்சியோடு ரொட்டியையும் பூண்டையும் பிசைந்து, குடலுறையில் அடைத்துப் புகையிட்டது அது. பன்றி இறைச்சி உண்ணாதவன் இன்னும் யூதனே என்று அண்டை வீட்டார் ஐயுற்ற காலத்தில், பிறர் காண உத்திரத்தில் தொங்கவிடுவதற்காகப் பன்றியில்லாத இப்போலியைப் புதுக்கிறித்தவர் ஆக்கினர் என்பது அந்நாட்டு வழக்குரை. இதற்கு ஏட்டுச் சான்று வலுவன்று. ஆயினும் உணவை ஒளித்து உயிரைக் காத்த காலம் ஒன்று இருந்ததென்பதில் ஐயமில்லை.

அக்குலத்தில் பிறந்த மருத்துவர் ஒருவர் நமக்கு மிக வேண்டியவர். கார்சியா த ஓர்த்தா என்பது அவர் பெயர். ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்ட யூதக் குடும்பத்தின் வழிவந்த இவர், லிஸ்பனில் ஆசிரியப் பணி ஆற்றிப் பின் 1534-இல் இந்தியாவுக்குக் கப்பலேறினார். கோவாவில் முப்பதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, நம் மூலிகைகளையும் மருந்துச் சரக்குகளையும் பற்றி உரையாடல் வடிவில் பெருநூல் ஒன்று எழுதி, 1563-இல் அங்கேயே அச்சிட்டார். அதில் வாந்திபேதி கண்டோர்க்கு இந்நாட்டு வைத்தியர், அரிசி வடித்த நீரில் மிளகும் சீரகமும் சேர்த்துத் தருவதைக் குறிப்பிடுகிறார். அதற்கு மக்கள் வழங்கும் பெயரையும் தருகிறார். அது நம் 'கஞ்சி' என்னும் சொல்லே.

இன்று லிஸ்பன் உணவகத்தில் 'கான்ஜா' என்று கேட்டால், கோழிச் சாற்றில் அரிசி வேகவைத்த சூடான குழம்புநீர் வரும். காய்ச்சல் கண்டவர்க்கும் பிள்ளை பெற்றவர்க்கும் அங்குள்ள பாட்டிமார் இதனையே கொடுப்பர். மலையாளக் கரையிலிருந்து கப்பலேறிய சொல் இது என அவர்தம் அகராதிகளே கூறுகின்றன. சொல் மட்டுமா சென்றது! நோயாளியின் தலைமாட்டில் கிண்ணத்தோடு அமரும் பழக்கமும் உடன் சென்றதோ, அன்றி அது எந்நாட்டுத் தாய்க்கும் இயல்போ, யாரறிவார்? 'கறி' அங்கே 'கரில்' ஆயிற்று. 'வெற்றிலை' 'பெத்தெல்' ஆயிற்று. 'அரோஸ்' என்னும் அவர்தம் அரிசிப் பெயரையும் நம்முடையதென நம் மேடைகளில் முழங்குவதுண்டு. அது அரபு மொழி வழியாகச் சென்ற சொல். அதற்கு அப்பாலுள்ள வேரைப் பற்றி அறிஞர் இன்னும் வழக்காடுகின்றனர். உறுதியானவை இத்தனை இருக்க, ஐயத்திற்குரியதைப் பிடித்துத் தொங்குவானேன்?

இந்நூலை எழுதியவர் 1568-இல் இறந்தார். மறு ஆண்டில் அவர் தங்கை கத்தரீனாவைச் சமய விசாரணை மன்றம் தீயிலிட்டது. 1580-இல் கார்சியாவின் எலும்புகளையும் தோண்டியெடுத்து எரித்தனர்.

சதுக்கத்திலிருந்து தெற்கே ஆற்றை நோக்கி இறங்கும் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேரானவை. 1755 நவம்பர் 1-ஆம் நாள் நிலநடுக்கமும் கடற்பெருக்கும் தீயும் ஒன்றுகூடிப் பழைய நகரை அழித்தபின், அமைச்சர் பொம்பால் புதிதாக வகுத்தவை அவை. மிளகு வாணிகத்தின் கணக்குகளையெல்லாம் காத்த 'இந்திய மாளிகை'யும் அரண்மனையோடு அன்று அழிந்தது. அலுவலகக் கோப்புக்களோடு வாழும் எம்போன்றோர்க்கு இச்செய்தி தனியொரு துயரந் தருவதாம்.

ஆற்றருகே கருவாட்டுக் கடைகள் உள்ளன. காட் என்னும் குளிர்கடல் மீனை உப்பிட்டு உலர்த்திப் பலகைபோல் அடுக்கி வைத்திருப்பர். அந்நாட்டார் இதனைப் பக்கலியாவ் என்பர். ஓராண்டின் நாட்களுக்கு ஈடாக இதனைச் சமைக்கும் முறைகள் உண்டென்று பெருமை பேசுவர். வியப்பென்னவெனில், இம்மீன் அவர்தம் கடலில் கிடைப்பதன்று. நியூஃபவுண்ட்லாந்து, நார்வே முதலிய தொலைக்கடல்களிலிருந்து வருவது. இறைச்சி விலக்கிய நோன்பு நாட்கள் பலவாக இருந்தமையும், நெடுங்கடற் பயணத்தில் கெடாது நின்றமையும் இதனை நாட்டுணவாக்கின. கிழக்கே மேட்டிலுள்ள அல்ஃபாமாவில் ஜூன் 12 இரவு தெருவெங்கும் மத்தி மீன் சுடும் புகை எழும். அது நம் மீனவர் போற்றும் புனித அந்தோணியாரின் திருவிழா. பதுவை நகரின் பெயரால் அழைக்கப்படும் அவர் பிறந்த ஊர் லிஸ்பனே.

அவர்கள் நமக்குத் தந்ததும் சிறிதன்று. அமெரிக்க மண்ணின் மிளகாய், அன்னாசி, பப்பாளி, முந்திரி ஆகியவை அவர்தம் கப்பல் வழியே இங்கு வந்தன. புதிய காயின் உறைப்பைக் கண்டு, தாம் அறிந்த மிளகின் பெயரையே அதற்குச் சூட்டினர் நம் முன்னோர். பம்பாயில் வாழும் நம்மவர் நாள்தோறும் வாங்கும் பாவும், ஈழத் தமிழர் உண்ணும் பாணும் 'பாவ்ங்' என்னும் ஒரே போர்த்துகீசியச் சொல்லின் இரு வடிவங்கள். அதை வைக்கும் மேசையும் அவர்கள் தந்ததே.

உலாவில் இனிப்பை நாடுவோர் மேற்கே பெலெம் வரை செல்வர். முட்டைக் கருவும் பாலும் சருக்கரையும் சேர்ந்த சிறு அப்பத்தின் மேல் பட்டைத்தூள் தூவி உண்பர். ஆடைகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக்கருவைச் செலவிட்ட மடங்களில், எஞ்சிய மஞ்சட்கருவால் பிறந்தது இது என்பர். 1834-இல் அரசு துறவு மடங்களை மூடிற்று; 1837 முதல் அங்குள்ள கடையில் இது விற்கப்படுகிறது.

அருகே நிற்கும் ஜெரோனிமோ மடம், கீழைநாட்டு வாணிகத்தில் இருபதில் ஒரு பங்கு வரியால் எழுந்தது. அதன் கல்லெல்லாம் மிளகு எனலாம். கொச்சியில் 1524-இல் இறந்த வாஸ்கோ ட காமாவின் கல்லறை இன்று உள்ளே இருக்கிறது. 1502-இல் மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலை, பெண்டிரும் குழந்தைகளும் உள்ளிருக்கவே எரித்தவன் அவன். அதனைக் கூறாது அப்பத்தின் சுவையை மட்டும் கூறும் வழிகாட்டியை நாம் நல்ல வழிகாட்டி என்று கொள்ளோம்.

அம்மடத்தின் மேற்குப் பகுதியில் அமைந்த தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்திற்குரிய உடைமைகளுள் சிறு நூலொன்று உண்டு. 1554 பிப்ரவரி 11-ஆம் நாள் லிஸ்பனில் அச்சாகிய 'கார்த்தில்யா' அது. தமிழ் மொழி, எழுத்தோ உரோமன். உடன் போர்த்துகீசியப் பொருளும் தரப்பட்டுள்ளது. அச்சேறிய தமிழுள் நமக்குக் கிடைத்தவற்றில் இதுவே முந்தியது. தனிநாயக அடிகள் இதன் அருமையை 1950-களில் தமிழுலகிற்கு எடுத்துரைத்தார். இதனை உருவாக்க உழைத்த தமிழர் வின்சென்த் த நாசரேத், ஜோர்ஜ் கர்வால்யோ, தோமா த குரூஸ் என்னும் மூவர். பெற்றோர் இட்ட பெயர்கள் நம் கைக்கு எட்டவில்லை. அட்லாண்டிக் காற்று வீசும் பிப்ரவரியில், அச்சுக்கூடத்தில் எழுத்தெழுத்தாகத் தமிழொலியைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, மாலையில் இருப்பிடம் திரும்பிய அம்மூவர்க்கும் யாரேனும் ஒரு கிண்ணம் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தனரோ என்று நாம் பலகால் எண்ணியதுண்டு.